தறிச் சத்தத்தில் போன செவித்திறன்: மருந்து என்று ஒன்று உண்டா?

தறிவீட்டுப்பிள்ளை:

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளிபாளையம் பக்கத்தைச் சேர்ந்தவன். என் அப்பாவுக்கு வயது 58. கடந்த 31 ஆண்டுகளாக விசைத்தறி ஓட்டுகிறார். பட்டறைக்குள் தறிக்காரர்கள் கைச்சாடையிலேயே பேசிப் பழகியவர்கள். அங்கே வாய்ப்பேச்சுக்கு வேலையே இல்லை. அதனால் அவருடைய காது மந்தமாகி வருவதை வீட்டில் நாங்கள் கவனிக்கவே பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அம்மா அடுக்களையிலிருந்து "காசு எடுத்தீங்களா" என்று கேட்டால், அப்பா காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு "காதுக்கு என்ன" என்று திருப்பிக் கேட்கிறார். எதிரில் நின்று பேசினால் புரிந்துகொள்கிறார். முதுகுப்பக்கம் நின்று பேசினால் சத்தம் மட்டும் கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை.

செவித்திறன் சோதனை செய்து பார்த்ததில் (ஹெர்ட்ஸ் என்பது ஒலியின் சுருதி; டெசிபல் எண் கூடினால் கேட்கும் திறன் அவ்வளவு குறைவு என்று பொருள்) 500 ஹெர்ட்ஸில் இரண்டு காதும் 20 டெசிபல் அளவில் நன்றாகவே இருக்கின்றன. 4000 ஹெர்ட்ஸில் வலது காது 65, இடது காது 60 என்று கோடு பள்ளத்தில் இறங்குகிறது. 8000 ஹெர்ட்ஸில் மறுபடியும் 45-க்கு ஏறுகிறது. எட்டு மாதமாக மெத்தில்கோபாலமின், ஜின்கோ பைலோபா, பீட்டாஹிஸ்டின் ஆகிய மூன்று மாத்திரைகளையும் நாள் தவறாமல் விழுங்கி வருகிறார். மாதம் ஆயிரத்துக்கு மேல் செலவாகிறது. மாற்றம் எதுவும் தெரியவில்லை. இதற்கிடையில் பெரியப்பா மகன் ஒரு காணொளியை அனுப்பி, காது நரம்பை மீண்டும் வளரச் செய்யும் ஊசி அமெரிக்காவில் வந்துவிட்டது என்கிறார். அது உண்மையா? இந்த மாத்திரைகளால் பயன் உண்டா? 24 வயதான என் தம்பியும் இப்போது தறி ஓட்டுகிறான். அவன் காது கெடாமல் இருக்க முன்கூட்டியே கொடுக்கக்கூடிய மருந்து ஏதாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

செவியியலாளர்_மதுரை:

வணக்கம் தம்பி. நான் 19 ஆண்டுகளாகச் செவித்திறன் சோதனை செய்து வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்தாலே, 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்து 8000-இல் கோடு கொஞ்சம் எழும்பும் அந்த வடிவத்தைத்தான் நெடுங்காலச் சத்தத்தின் கையொப்பம் என்று நாங்கள் சொல்வோம். காதின் வெளிக்குழாய் ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸ் ஒலியைத் தானாகவே பெருக்கிக் கொடுக்கும் அமைப்புடையது; பாதிப்பு அதற்குச் சற்று மேலுள்ள அலைவரிசையில் விழுவதால், தறியாக இருந்தாலும் கொதிகலன் பட்டறையாக இருந்தாலும் முதலில் அடிபடுவது 4000-ஐச் சுற்றிய பகுதிதான். ச, த, க, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் பெரும்பாலும் அந்த உயர்ந்த பகுதியில்தான் இருக்கின்றன. "காசு" என்பது "காது" என்று அப்பாவுக்குக் கேட்பது அதனால்தான். அவர் கவனக்குறைவாக இருப்பதாக வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம்.

உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழலுக்குள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள், அதாவது ஒலியை உணரும் நுண்மயிர் கொண்ட உயிரணுக்கள், இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 3,500 உள்வரிசையில் நின்று மூளைக்குச் செய்தி அனுப்புபவை. 12,000 அளவில் வெளிவரிசையில் நின்று மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருபவை. தறிச் சத்தம் பெரும்பாலும் முதலில் சாய்ப்பது இந்த வெளிவரிசையைத்தான். மனிதருக்குப் பிறக்கும்போது இருந்த மயிரணுக்கள் எவையோ அவையே கடைசிவரை. இறந்தது மறுபடி முளைப்பதில்லை. கோழிக்கும் காடைக்கும் சத்தத்தால் அழிந்த மயிரணுக்கள் சில வாரங்களில் திரும்ப முளைப்பதை 1980-களில் கண்டுபிடித்தார்கள். மனிதக் காதிலும் அதை நிகழ்த்திவிட முடியாதா என்ற தேடல் அங்கிருந்துதான் தொடங்கியது. உங்கள் அண்ணன் அனுப்பிய காணொளி அந்தத் தேடலின் ஏதோ ஒரு கட்டத்தைத்தான் செய்தியாக்கியிருக்கும். அந்த ஆய்வுகளைப் பற்றி இந்தக் குழுவில் மருந்தியல் படிப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மாத்திரைகளைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். பீட்டாஹிஸ்டின் தலைசுற்றலுக்காகக் கொடுக்கப்படும் மருந்து. பி12 குறைபாடு இரத்தச் சோதனையில் தெரிந்தால் மெத்தில்கோபாலமின் கொடுப்பதில் பொருள் உண்டு; குறைபாடே இல்லாதவருக்கு அது செவித்திறனைக் கூட்டாது. ஜின்கோவைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்கள் சங்கத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் "இது எதற்காக, எவ்வளவு நாளைக்கு" என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கேட்பது நோயாளியின் உரிமை.

மருந்தியல்_மாணவி:

இது என் முனைவர் பட்ட ஆய்வுக்கு அருகிலுள்ள பொருள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பைத் தடுப்பதற்கோ மீட்பதற்கோ என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த மருந்து எதுவும் கிடையாது. 2022 செப்டம்பரில் சோடியம் தயோசல்ஃபேட் ஒப்புதல் பெற்றபோது "செவித்திறனுக்கு முதல் மருந்து" என்று செய்திகள் வந்தன. அது புற்றுநோய்க்காகச் சிஸ்பிளாட்டின் ஏற்றப்படும் குழந்தைகளின் காதைக் காப்பதற்கான மருந்து. சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மிகுந்த சத்தம் மயிரணுக்களை ஓயாமல் வேலை வாங்கும்போது, அவற்றுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கட்டுக்கடங்காமல் வெளியிடுகின்றன. அவை அணுவின் கொழுப்புச் சுவரை அரித்து, கால்சியம் சமநிலையைக் குலைத்து, கடைசியில் அணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கட்டளையைத் தூண்டிவிடுகின்றன. சத்தம் நின்றவுடன் இது நின்றுவிடுவதில்லை என்பதுதான் மருந்தாய்வாளர்களுக்கு நம்பிக்கை தந்த செய்தி. கினி எலிகளில் பார்த்தபோது இந்தச் சிதைவுப் பொருட்கள் சத்தத்துக்குப் பிறகும் ஏழு முதல் பத்து நாட்கள் வரை பெருகிக்கொண்டே போயின. ஆகவே சத்தத்துக்கு முன்போ, முடிந்த சில நாட்களுக்குள்ளோ மருந்து உள்ளே போனால் சாகவிருக்கும் அணுக்களில் சிலவற்றையாவது காப்பாற்றலாம் என்ற கணக்கில்தான் எல்லாச் சோதனைகளும் தொடங்கின.

மக்னீசியத்தைத்தான் முதலில் மனிதரில் ஒழுங்காகச் சோதித்தார்கள். இஸ்ரேலில் துப்பாக்கிப் பயிற்சிக்கு வந்த 300 இளம் படைவீரர்களில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 167 மில்லிகிராம் மக்னீசியத்தை இரண்டு மாதம் பானத்தில் கலந்து கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி மருந்து குடித்தவர்களைவிட அவர்களுக்கு நிலையான இழப்பு குறைவாக இருந்ததாக 1994-இல் வெளியிட்டார்கள். முடிவு ஊக்கமளிப்பதுதான். ஆனால் ஒரு படைமுகாமின் சில வாரங்களை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுத் தறியோட்டத்தைப் பற்றிப் பேச முடியாது.

அடுத்தது என்-அசிட்டைல்சிஸ்டீன். பாராசிட்டமால் நஞ்சுக்கு முறிவாகவும் சளியை இளக்கவும் நம் மருத்துவமனைகளில் தினமும் பயன்படுகிற அதே மருந்து. அமெரிக்கக் கடற்படையினர் துப்பாக்கிப் பயிற்சியில் இருந்த மெரைன் வீரர்களுக்கு வேளைக்கு 900 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 16 நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவில், முன்பே அறிவித்திருந்த முதன்மை அளவீட்டில் மருந்துக்கும் போலி மருந்துக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பிறகு தரவுகளைக் கிளறி, துப்பாக்கி விசையை இழுக்கும் கைப்பக்கத்துக் காதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது சிறு பயன் தெரிந்ததாகச் சொன்னார்கள். முடிவு தெரிந்த பிறகு தேடிக் கண்டுபிடிக்கும் இத்தகைய வேறுபாட்டை அடுத்த ஆய்வுக்கான கேள்வியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, மருந்துக்கான சான்றாக ஏற்க முடியாது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் நம்பிக்கை தந்தது எப்செலென். நம் உடலே உண்டாக்கிக்கொள்ளும் குளூட்டதயோன் பெராக்சிடேஸ் என்ற காவல் நொதியைப் போலவே வேலை செய்யும் சிறு மூலக்கூறு அது. 18 முதல் 31 வயது வரையுள்ள 83 பேரைக் கொண்டு, அவர்களை நான்கு மணி நேரம் உரத்த இசையைக் கேட்க வைத்து, அதனால் வரும் தற்காலிக மந்தத்தை அளந்த ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. போலி மருந்துக் குழுவில் 4000 ஹெர்ட்ஸில் சராசரியாக 4.07 டெசிபல் மந்தம். நாளுக்கு இருவேளை 400 மில்லிகிராம் எடுத்தவர்களில் 1.32 டெசிபல். மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்று தலைப்புச் செய்தியானது. அதே ஆய்வில் 200 மில்லிகிராமும் 600 மில்லிகிராமும் அத்தகைய பயனைக் காட்டவில்லை என்பது தலைப்பில் வரவில்லை. அளக்கப்பட்டது தானாகவே சரியாகிவிடும் தற்காலிக மந்தம் என்பதையும், வேறுபாடு மூன்று டெசிபலுக்கும் குறைவு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், உங்கள் அப்பாவின் 65 டெசிபல் பள்ளத்துக்கு அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது விளங்கும்.

இனி அந்தக் காணொளி. "காது நரம்பை வளரச் செய்யும் ஊசி" என்று பரவியது பெரும்பாலும் ஃப்ரீக்வென்சி தெரபியூடிக்ஸ் நிறுவனத்தின் எஃப்.எக்ஸ்-322 ஆக இருக்க வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயிக் அமிலத்தையும் இன்னொரு மூலக்கூறையும் கலந்து செவிப்பறை வழியாக நடுச்செவிக்குள் செலுத்தினால், மயிரணுக்களுக்குத் துணையாக நிற்கும் அணுக்கள் பிரிந்து புதிய மயிரணுக்களாக மாறும் என்பது அதன் கருத்து. முதல் சிறு ஆய்வில் மருந்து பெற்ற 15 பேரில் நால்வருக்குச் சொற்களைப் புரிந்துகொள்ளும் திறன் தெளிவாகக் கூடியது, உலகமே பேசியது. 2021 மார்ச்சில் வந்த அடுத்த ஆய்வில் மருந்து பெற்றவர்களும் போலி ஊசி பெற்றவர்களும் ஒரே அளவில் இருந்தார்கள். 142 பேரைக் கொண்ட இறுதி முயற்சியும் 2023 பிப்ரவரியில் தோற்றது, திட்டம் கைவிடப்பட்டது. அந்த ஊசி வரவில்லை.

தறிவீட்டுப்பிள்ளை:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி அக்கா. படித்து முடித்ததும் மனம் கனத்துவிட்டது. ஆனாலும் எட்டு மாதமாக எங்களிடம் யாரும் சொல்லாததைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரே ஒரு சந்தேகம். நால்வருக்கு நன்றாகக் கேட்டது என்றால் அது பொய்யா? முதல் ஆய்வில் பலித்தது அடுத்த ஆய்வில் எப்படிப் பலிக்காமல் போகும்?

மருந்தியல்_மாணவி:

யாரும் பொய் சொல்லவில்லை தம்பி. ஓர் ஆய்வில் சேர வேண்டுமானால் சொல் புரியும் திறன் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி இருக்கும். பல ஆண்டுகளாகக் காது கேளாமல் தவிப்பவருக்கு அந்த ஊசி கடைசி நம்பிக்கையாகத் தெரியும்போது, சேர்க்கைச் சோதனையில் ஐயமுள்ள சொல்லை ஊகித்துச் சொல்லாமல் "தெரியவில்லை" என்று விட்டுவிடுவது மனித இயல்பு. சேர்ந்த பிறகு அதே மனிதர் நம்பிக்கையோடு ஒவ்வொரு சொல்லையும் முயன்று பார்ப்பார், மதிப்பெண் உயரும். 2021 ஆய்வில் சேர்ந்தவர்களின் தொடக்க மதிப்பெண்கள் அவர்களுடைய பழைய சோதனைகளோடு ஒத்துப்போகவில்லை என்று அந்த நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. போலி ஊசி பெற்றவர்களும் முன்னேறியதற்கு இதுவே பெரும் காரணம். ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய போலி மருந்துக் குழு இல்லாத சிறிய ஆய்வில் இந்த உயர்வு முழுவதும் மருந்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

மருந்து போய்ச் சேரும் வழியும் ஒரு தடை. நடுச்செவியில் விடும் மருந்து வட்டச் சாளரம் என்ற மெல்லிய சவ்வு வழியாகக் கசிந்துதான் நத்தைக்குழலுக்குள் நுழைய வேண்டும். நுழைவாயிலுக்கு அருகில், அதாவது மிக உயர்ந்த அலைவரிசைப் பகுதியில், அது நிறையச் சேரும். பேச்சொலிகளுக்குப் பொறுப்பான உட்பகுதிக்குப் போகப்போக மங்கிவிடும். சுண்டெலியின் குழல் நீளத்தோடு ஒப்பிட்டால் மனிதக் குழல் பல மடங்கு நீளம். எலியில் வென்ற மருந்து மனிதரில் தோற்கும்போது இந்தத் தொலைவையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல்_வாசகர்:

இந்த இழையை நேற்று முழுவதும் படித்தேன். என்னுடைய அனுபவம் வேறு வகையானது; யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளியன்று அணைந்துவிட்டது என்று நினைத்து நான் குனிந்து பார்த்த வெடி, முகத்திலிருந்து இரண்டடி தொலைவில் வெடித்தது. இடது காது அந்த நொடியே அடைத்துக்கொண்டது. உள்ளே ஒரு விசில் இடைவிடாமல் ஊதத் தொடங்கியது. மறுநாள் காலை பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்தவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, செவிப்பறை கிழியவில்லை, சொட்டு மருந்து விடுங்கள், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். செவித்திறன் சோதனை செய்யவில்லை. என் மாமியார்தான் பிடிவாதமாக அன்று மாலையே இன்னொரு காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போனார்.

அவர் அரை மணி நேரத்துக்குள் சோதனை செய்து, 4000 ஹெர்ட்ஸில் 55 டெசிபல் இறங்கியிருப்பதைக் காட்டி, அன்றே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதால் சர்க்கரை அளவு கூடும் என்று எச்சரித்து, தினமும் இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார். நான்காம் நாள் செவிப்பறை வழியாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் போட்டார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, ஊசி உள்ளே போனதும் சில நொடிகள் அறையே சுழன்றது. பிறகு அரை மணி நேரம் எச்சில் விழுங்காமல், பேசாமல் அப்படியே கிடக்கச் சொன்னார்கள். விழுங்கினால் மருந்து தொண்டைக்குழாய் வழியாக இறங்கிவிடுமாம். மூன்று மாதத்தில் அந்த 55 டெசிபல் 25-க்கு வந்தது. விசில் மட்டும் இரவில் மெல்ல இருக்கிறது. மருந்தால்தான் மீண்டேனா, தானாக மீண்டேனா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

செவியியலாளர்_மதுரை:

ஐயா, உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வெடியாலோ துப்பாக்கியாலோ ஒரே நொடியில் வரும் ஒலிக்காயமும், தம்பியின் அப்பாவுக்கு 31 ஆண்டுகளில் வந்த இழப்பும் மருந்தைப் பொறுத்தவரை இருவேறு நோய்கள் என்றே கொள்ள வேண்டும். இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பழைய இழப்பில் அணுக்கள் இறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. காப்பாற்ற யாரும் மிஞ்சவில்லை. புதிய காயத்தில் சாவுக்கும் பிழைப்புக்கும் இடையில் தத்தளிக்கும் அணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்காக இன்று கையில் இருக்கும் மருந்து ஸ்டீராய்டு. அதைப் பல நாடுகளின் படைமருத்துவர்கள் ஒலிக்காயத்துக்குக் கொடுக்கிறார்கள். பின்லாந்து, பிரான்சு போன்ற நாடுகளில் ஸ்டீராய்டோடு அழுத்தமிகு ஆக்சிஜன் அறையையும் சேர்க்கிறார்கள். முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பயன் எதிர்பார்க்கலாம் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள்.

மீட்சியில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு இயற்கையால் என்று உங்கள் ஒருவருடைய காதை வைத்துச் சொல்ல முடியாது ஐயா. வெடிக்காயத்தில் ஒரு பகுதி தானாகவே மீளும். இதற்காகவே ஒரு நல்ல முயற்சி ஜெர்மனியில் நடந்தது. புத்தாண்டு இரவில் அங்கே தெருவெங்கும் வெடி வெடிப்பார்கள்; அதில் காது அடிபட்டு வந்த 11 பேருக்கு, அணுவின் தற்கொலைக் கட்டளையைத் தடுக்கும் ஏ.எம்-111 என்ற மருந்தை நடுச்செவியில் செலுத்திப் பார்த்தார்கள். 2007-இல் அது வெளியானது. நம் தீபாவளி வார்டை நினைவூட்டும் ஆய்வு என்பதால் எனக்கு மறக்கவில்லை. ஆனால் திடீர்ச் செவித்திறன் இழப்பு நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்தபோது 2017-இல் அந்த மருந்து முதன்மை இலக்கை எட்டவில்லை.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஜின்கோவைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் பேசுவதாகத் தோன்றுகிறது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாய்க்கு முன்னே மூன்று மணி நேரம் நின்ற பிறகு எனக்கு இரண்டு காதிலும் இரைச்சல் வந்தது. நண்பர் ஒருவர் சொல்லி ஜின்கோ மாத்திரை தொடங்கினேன். ஐந்தாம் நாள் இரைச்சல் அடங்கிவிட்டது. நான் கண்ணாரக் கண்ட பயனை ஆய்வில் தெரியவில்லை என்பதற்காக மறுக்க வேண்டுமா?

மருந்தியல்_மாணவி:

ஐயா, உங்கள் இரைச்சல் அடங்கியது உண்மை. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சில மணி நேர உரத்த சத்தத்துக்குப் பிறகு வரும் மந்தமும் இரைச்சலும் பெரும்பாலோருக்குச் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் மருந்தில்லாமலே தணிந்துவிடும். நீங்கள் அன்று மாத்திரைக்குப் பதில் சுக்குக் காப்பி குடித்திருந்தாலும் ஐந்தாம் நாள் பெரும்பாலும் அதே ஐந்தாம் நாளாகத்தான் இருந்திருக்கும். இந்த இயல்பான மீட்சியைப் பிரித்தறியவே போலி மருந்துக் குழு வேண்டும் என்கிறோம். ஜின்கோ இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியது. உங்கள் வயதில் பலர் இதயத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றோடு சேரும்போது இரத்தக்கசிவு அபாயம் உண்டு என்பதையும் மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

தறிவீட்டுப்பிள்ளை:

தம்பியைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அவனுடைய சோதனை முடிவு முழுக்க இயல்பாக இருக்கிறது. ஆனால் ஷிஃப்ட் முடிந்து வந்த இரவுகளில் காது பஞ்சடைத்தது போல இருப்பதாகச் சொல்கிறான், காலையில் சரியாகிவிடுகிறதாம். அவனுக்கு என்-அசிட்டைல்சிஸ்டீனையும் மக்னீசியத்தையும் வாங்கிக் கொடுக்கலாமா? இரண்டும் கடையில் எளிதில் கிடைக்கின்றன.

செவியியலாளர்_மதுரை:

தம்பி, "காலையில் சரியாகிவிடுகிறது" என்ற சொல்தான் எனக்குக் கவலை தருகிறது. 2009-இல் அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலிகளை 100 டெசிபல் சத்தத்தில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். சில நாட்களில் எலிகளின் கேட்கும் அளவு பழைய நிலைக்கே திரும்பியது; மயிரணுக்களும் உயிரோடு இருந்தன. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தபோது உயர் அலைவரிசைப் பகுதியில் மயிரணுவுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் ஏறத்தாழ பாதி நிரந்தரமாக அறுந்திருந்தன. அமைதியான அறையில் செய்யும் நம் வழக்கமான சோதனை இதைக் காட்டாது. சந்தைக்கடை இரைச்சலில் பேச்சைப் பிரிக்க முடியாமல் போகும்போதுதான் தெரியவரும். மனிதரில் இது எவ்வளவு என்பது இன்னும் ஆய்வுக்குரியது. என்றாலும் காலையில் சரியாகிவிட்டது என்பதற்காகக் காது தப்பித்துவிட்டது என்று நினைத்துவிட முடியாது.

மருந்தியல்_மாணவி:

அந்த அறுந்த இணைப்புகளை மீண்டும் முடிச்சிட நரம்பு வளர்ச்சிப் புரதம் ஒன்றை நடுச்செவியில் செலுத்தும் ஓ.டி.ஓ-413 என்ற முயற்சியும் 2022-இல் தோற்றுப்போனது.

மாத்திரை கொடுக்கலாமா என்பதற்கு என் பதில், வேண்டாம் என்பதே. அந்த மருந்துகளைச் சோதித்தது சில வாரச் சத்தத்துக்கு. உங்கள் தம்பிக்கு வாரம் ஆறு நாள், ஆண்டு முழுவதும் சத்தம். அத்தனை காலம் அந்த அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு இல்லை. அதைவிட முக்கியமான ஆபத்து ஒன்று இருக்கிறது. மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் காது அடைப்பானைக் கழற்றி வைத்துவிட்டால், எந்த மருந்தும் ஈடுசெய்ய முடியாத அளவுக்கு இழப்பு நேரும். சத்தம் மூன்று டெசிபல் கூடினால் காதில் இறங்கும் ஆற்றல் இரட்டிப்பாகிறது. எப்செலென் ஆய்வில் கண்ட முழுப் பயனும் மூன்று டெசிபலுக்குக் குறைவு. சரியாகப் பொருத்திய ஒரு நுரை அடைப்பான் அதைப்போல ஐந்து மடங்கை எளிதில் தடுக்கும். விலையோ ஒரு தேநீரின் விலைதான்.

செவியியலாளர்_மதுரை:

பொருத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் அதைக் காதின் வாசலில் சொருகிவிட்டுப் போகிறார்கள். கையைக் கழுவி, நுரையை விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய திரி போலாக்க வேண்டும். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாய் நேராகும். அப்போது திரியை உள்ளே தள்ளி, அது உப்பும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் பொருந்தினால் தன் குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். வெறும் பஞ்சு வைப்பதில் பயன் மிகக் குறைவு. அடைப்பான் போட்டால் நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) சிக்குவது தெரியாதே என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர் அதைக் காதால் அறிகிறாரா, தறிக்கட்டையில் வைத்த கையால் அறிகிறாரா என்று.

அப்பாவுக்கு இப்போது உதவக்கூடியது செவித்துணைக் கருவி. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசமாக வழங்குகிறார்கள். தகுதியைக் கேட்டுப் பாருங்கள். சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். பட்டறை அந்தத் தொழிலாளர் சட்டத்துக்குள் வருகிறதா, அப்பா இ.எஸ்.ஐ.யில் இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள்.

தறிவீட்டுப்பிள்ளை (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

நிலவரத்தைச் சொல்ல வந்தேன். மருத்துவரிடம் நேரில் கேட்டோம். இரத்தத்தில் பி12 இயல்பாக இருந்ததால் மூன்று மாத்திரைகளையும் அவரே நிறுத்திவிட்டார். அப்பாவுக்கு இரண்டு காதிலும் கருவி பொருத்திப் பத்து நாளாகிறது. முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று திரும்பி, "அது என்ன சரசரன்னு" என்று கேட்டார். நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அம்மா முதுகுப்பக்கமிருந்து "காசு" என்று சொல்லிப் பார்த்தார்; அப்பா சட்டைப்பையைத் தொட்டார்.

நாடா சிக்குவதைப் பற்றியும் கேட்டேன். கையால்தான் தெரியும், காதால் கேட்டு யார் தறி ஓட்டினார்கள் என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி மறுநாளிலிருந்து அடைப்பான் போடுகிறான். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அப்பா இன்னும் இரண்டு ஆண்டாவது தறி ஓட்டுவேன் என்கிறார். கருவியைப் பட்டறைக்குள் போட்டுக்கொள்ளலாமா?

செவியியலாளர்_மதுரை:

கூடாது தம்பி. கருவி சத்தத்தைப் பெருக்கும். மிஞ்சியிருக்கும் அணுக்களையும் அது அடித்துவிடும். அணைத்துவிட்டுக் காதில் வைத்திருந்தாலும் அது அடைப்பானுக்கு ஈடாகாது. பட்டறை வாசலில் கருவியைக் கழற்றி, ஈரமும் பஞ்சுத்தூசியும் படாத டப்பாவில் வைத்துவிட்டு, அடைப்பானைப் போட்டுக்கொண்டு உள்ளே போகச் சொல்லுங்கள். வெளியே வந்து கைகழுவிய பிறகு கருவியை மாட்டிக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் இருவரையும் மறுசோதனைக்கு அழைத்துப் போங்கள். சோதனைக்கு முந்தைய நாள் ஷிஃப்ட் வேண்டாம், முழு ஓய்வு கொடுத்துவிட்டுக் காலையில் போனால்தான் சரியான அளவு கிடைக்கும்.